பொருளாதார மீட்சியும் சரக்குக் கப்பல் பங்குகளும்: கேள்வி பதில்

செந்தில்: பொருளாதாரம் மீண்டால் இரும்புத்தாது, நிலக்கரி, தானியம் ஏற்றும் கப்பல் நிறுவனங்களின் பங்குகள் ஏறும் என்கிறார்களே, இப்போதே வாங்கலாமா ஐயா?

பதில்: சரக்கு எவ்வளவு கூடும் என்பதோடு, அதை ஏற்றப் புதிதாக எத்தனை கப்பல்கள் வரப்போகின்றன என்பதையும் பார்த்தாக வேண்டும். சரக்கு வாடகையைக் காட்டும் பால்டிக் ட்ரை குறியீடு 2008 மே மாதத்தில் 11,793 புள்ளிகளைத் தொட்டு, டிசம்பரில் 663-க்கு விழுந்தது. சீன அரசு 4 லட்சம் கோடி யுவான் ஊக்கத் திட்டத்தை அறிவித்து, அந்நாட்டின் இரும்புத்தாது இறக்குமதி பெருகியதால், 2009 ஜூனில் குறியீடு 4,000-ஐத் தாண்டியது. ஆனால் முந்தைய ஏற்றத்தில் ஆர்டர் கொடுக்கப்பட்ட கப்பல்கள் 2010 முதல் வரிசையாகக் கடலில் இறங்கியதால், சரக்கு கூடியும் வாடகை சரிந்து, 2012 பிப்ரவரியில் குறியீடு 700-க்கும் கீழே போய்விட்டது. மீட்சியை நம்பி 2009 நடுவில் வாங்கியவர்களின் கணிப்பு சரிதான். அவர்கள் கப்பல் கட்டும் தளங்களைத்தான் கவனிக்கவில்லை.

கவிதா: 2021-இல் மட்டும் ஏற்றம் எப்படி வந்தது?

பதில்: 2016 பிப்ரவரியில் குறியீடு 290 வரை வீழ்ந்தபின் புதிய ஆர்டர்கள் வற்றிப்போயிருந்தன. கொரோனா கட்டுப்பாடுகளால் சீனத் துறைமுகங்களுக்கு வெளியே கப்பல்கள் காத்துக் கிடந்ததும் சேர, 2021 அக்டோபரில் குறியீடு 5,600-ஐத் தாண்டியது. நெரிசல் தளர்ந்ததும் இறங்கிவிட்டது.

அன்வர்: வாடகை சற்று உயர்ந்தாலே பங்கு விலை துள்ளுகிறதே, ஏன்?

பதில்: ஒரு கப்பலின் அன்றாடச் செலவு 7,000 டாலர், கடன் தவணையும் வட்டியும் 8,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் வாடகை 20,000 என்றால் மிச்சம் 5,000. வாடகை 30,000 ஆனால் மிச்சம் 15,000. வாடகை ஒன்றரை மடங்காக, மிச்சம் மும்மடங்காகிறது. 15,000-க்கும் கீழே போனால் கைப்பணம் கரையும். ஆகவே ஆண்டறிக்கையில் கடன் அளவையும், எத்தனை கப்பல்கள் நீண்டகாலக் குத்தகையில் உள்ளன, எத்தனை அன்றைய சந்தை வாடகையில் ஓடுகின்றன என்பதையும் முதலில் தேடுங்கள்.

ரமேஷ்: பி.இ. விகிதம் (பங்கு விலை, ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தைப் போல் எத்தனை மடங்கு என்பது) மூன்றுதான், டிவிடெண்டும் அதிகம். இது மலிவு இல்லையா?

பதில்: இந்தத் தொழிலில் பி.இ. மிகக் குறைவாகத் தெரிவது பெரும்பாலும் லாபம் உச்சத்தில் இருக்கும்போதுதான். இங்கே பல நிறுவனங்கள் அந்தந்தக் காலாண்டு வருவாய்க்கேற்ப டிவிடெண்ட் தருகின்றன. வாடகை இறங்கினால் அதுவும் இறங்கும். கப்பல்களின் இன்றைய சந்தை மதிப்பிலிருந்து கடனைக் கழித்து, பங்கு விலையோடு ஒப்பிடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

லதா: கடன் மிகுந்த நிறுவனம் மீட்சியில் கூடுதலாக ஏறும் என்பது உண்மைதானே?

பதில்: மீட்சி வரும்வரை அது தாக்குப்பிடித்தால் உண்மை. ஜென்கோ என்ற சரக்குக் கப்பல் நிறுவனம் 2014-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கோரியது. ட்ரைஷிப்ஸ் என்ற மற்றொரு கப்பல் நிறுவனம் 2016, 2017 ஆண்டுகளில் புதிய பங்குகளை அடுத்தடுத்து வெளியிட்டதில் பழைய பங்குதாரர்களின் பங்கு ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போனது. பின்னர் வந்த ஏற்றத்தால் அவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை.

முருகன்: இந்தியச் சந்தையில் வாங்க முடியுமா?

பதில்: கிரேட் ஈஸ்டர்ன் ஷிப்பிங், ஷிப்பிங் கார்ப்பரேஷன் இரண்டும் இத்தகைய கப்பல்களை வைத்திருக்கின்றன. ஆனால் அவற்றின் வருவாயில் எண்ணெய்க் கப்பல்களுக்கும் பெரும்பங்கு உண்டு என்பதால், பால்டிக் குறியீட்டை மட்டும் பார்த்து அவற்றை வாங்குவது பொருந்தாது.