மதுரையைத் தாண்டி 27 மைலில் த்ராட்டிலை இழுங்கள்

கொல்லங்கோட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, எக்ஸ்-பிளேன் என்ற கணினி விமான சிமுலேட்டரில் ஏ320 ஓட்டிப் பழகியவன் நான். போன மாதம் போயிங் 737-200 வாங்கினேன். அப்பா அந்தக் காலத்தில் சென்னையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ஏறி வந்த விமானம் என்பதால் ஆசை. ஆனால் இறங்கும்போது ஒன்று, உயரமாகவும் வேகமாகவும் வந்து பாதி ரன்வேயைத் தாண்டிவிடுகிறேன். இல்லையென்றால் கடைசி நேரத்தில் பொத்தென்று விழுகிறது. ஜிபிஎஸ் இல்லாமல், அந்தக் காலத்து பைலட் ஓட்டிய மாதிரியே ஓட்ட வேண்டும். ஒரு ஜாய்ஸ்டிக்தான் இருக்கிறது. நிஜ விமானத்தில் இருப்பது போன்ற கைச்சக்கரம், அதான் யோக், வாங்கினால் சரியாகுமா?"

யோக் வாங்கினாலும் இது சரியாகாது தம்பி. உங்கள் கையில் குறை இல்லை. ஏ320-ல் எப்போது கீழே இறங்க வேண்டும் என்பதைக் கணினி பார்த்துக்கொண்டது; 737-200-ல் அந்தக் கணக்கை யாரும் போடவில்லை. அதை நீங்கள்தான் போட வேண்டும், அதுவும் விமானம் அந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே. நான் பல வருடம் விமானக் கருவிப் பட்டறையில் வேலை பார்த்தவன். இந்த வகை விமானத்தின் மீட்டர்களைக் கழற்றி, சோதித்து, திரும்ப மாட்டியவன். அந்த காக்பிட்டில் வழி சொல்லும் திரை எதுவும் கிடையாது. ஊசிகளும் எண்களும்தான். அவற்றை வைத்து மனதுக்குள் ஒரு வரைபடம் போட்டுக்கொண்டே ஓட்டினார்கள். அந்த வரைபடம் உங்கள் மனதில் வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

முதலில் எடை. நீங்கள் டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். புதிதாக வருபவர்கள் எல்லாரும் செய்வது இது. சென்னை – திருவனந்தபுரம் ஏறக்குறைய 330 கடல் மைல், ஒரு மணி நேரப் பறப்பு. 737-200 மணிக்கு இரண்டரை முதல் மூன்று டன் எரிபொருள் குடிக்கும். கையிருப்பும் சேர்த்து ஆறு டன் போதும். அதற்கு மேல் ஏற்றினால் இறங்கும் வேகம் கூடும், நிற்கும் தூரம் கூடும். பாதி ரன்வேயைத் தாண்டுவதில் இதற்கும் பங்கு உண்டு.

இனி வழி. சென்னையிலிருந்து திருச்சி சுமார் 160 கடல் மைல், திருச்சியிலிருந்து மதுரை 67. மூன்று இடத்திலும் விஓஆர், அதாவது விமானத்துக்குத் திசை காட்டும் ரேடியோ நிலையம், இருக்கிறது. சார்ட்டில் அலைவரிசையைப் பார்த்து வையுங்கள், மோர்ஸ் ஒலியைக் கேட்டு அது அந்த நிலையம்தானா என்று உறுதி செய்யுங்கள். இந்த ஒலி கேட்கும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். தவறான நிலையத்தைப் பிடித்துக்கொண்டாலும் ஊசி அழகாகத்தான் நிற்கும். திருச்சியிலிருந்து மதுரைக்குத் திசை ஏறத்தாழ 213 டிகிரி. மதுரையைத் தாண்டி அதே போக்கில், 214-ஐ ஒட்டிய ரேடியலில் (நிலையத்திலிருந்து அந்தத் திசையில் கிளம்பும் கோட்டில்) நேரே போனால், 109 மைலில் எங்கே வரும் தெரியுமா? பூவாருக்கு. உங்கள் ஊருக்குப் பக்கத்துப் பூவாருக்குத்தான்.

பூவாரை நான் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. திருவனந்தபுரம் ரன்வே 32-ன், அதாவது வடமேற்கே பார்த்து இறங்கும் ரன்வேயின், நடுக்கோட்டைத் தென்கிழக்கே நீட்டினால், அது விழிஞ்ஞத்தை ஒட்டி, பூவார் மேலாக, கொல்லங்கோடு பக்கம் வந்து சேரும். சாயங்காலம் உங்கள் மொட்டை மாடியில் நின்று வடமேற்கே பாருங்கள். 32-ல் இறங்கும் நாளாக இருந்தால், விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு விமானம் உங்களுக்கு முதுகைக் காட்டி, ஆடாமல் அசையாமல் சின்னதாகிக்கொண்டே போகும். நீங்கள் வீட்டுக்குள் திரையில் பிடிக்கப் பார்க்கும் கோடு அதுதான். பூவாரிலிருந்து ரன்வே 12 கடல் மைல் சொச்சம். ஆக மதுரையிலிருந்து நீங்கள் பறக்கப்போகும் தூரம் 109-ம் 12-ம் சேர்த்து 121. நிலையம் எத்தனை மைலில் இருக்கிறது என்று காட்டும் மீட்டர்தான் டிஎம்இ. திருவனந்தபுரம் டிஎம்இ-யோ மதுரைக்கு மேல் 106 என்றுதான் காட்டும். அந்த எண்ணை நம்பி இறங்கத் தொடங்கினால் 15 மைல் முன்கூட்டியே இறங்கிவிடுவீர்கள். நேர்கோட்டுத் தூரம் வேறு, பறக்கும் தூரம் வேறு.

இப்போது முக்கியமான கணக்கு. உயரத்தை ஆயிரத்தில் எடுத்து மூன்றால் பெருக்குங்கள். வேகம் குறைக்க ஒரு பத்து மைல் சேருங்கள். 28,000 அடியில் வருகிறீர்கள் என்றால் 84, அதோடு 10, ஆக 94 மைல். 121-ல் 94 போனால் 27. மதுரை டிஎம்இ 27 காட்டும்போது த்ராட்டிலை, அதாவது இன்ஜின் விசை நெம்புகோலை, ஐடிலுக்கு (மிகக் குறைந்த விசைக்கு) இழுங்கள். பின்காற்று இருந்தால் ஒவ்வொரு 10 நாட்டுக்கும் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) ஒரு மைல் முன்னதாக இழுக்கலாம். நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்க வேண்டும் என்பதற்கு, தரையைப் பொறுத்த வேகத்தை ஐந்தால் பெருக்கினால் போதும்: 420 நாட் என்றால் நிமிடத்துக்கு 2,100 அடி. வேகம் குறையக் குறைய இதுவும் குறையும்.

ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதிக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வையுங்கள்: மதுரை டிஎம்இ 51-ல் 20,000 அடி, 66-ல் 15,000, 81-ல் 10,000. ஒவ்வொரு இடத்திலும் மீட்டரைப் பார்த்துவிட்டு டிக் போடுங்கள். ஆயிரம் அடி கூடுதலாக இருந்தால் அப்போதே ஸ்பீட்பிரேக்கை, அதாவது இறக்கைமேல் எழுந்து காற்றைத் தடுக்கும் தகடுகளை, எடுங்கள். ரன்வே கண்ணுக்குத் தெரிந்த பிறகு எடுத்துப் பயனில்லை. ஒன்றை மறக்க வேண்டாம்: அந்தக் காலத்து ஆட்டோபைலட்டுகள் பலவற்றில், நினைத்த உயரம் வந்ததும் தானாக நிற்கும் வசதி கிடையாது. நீங்கள்தான் ஆல்டிட்யூட் ஹோல்டை, அதாவது உயரத்தைப் பிடித்து வைக்கும் சுவிட்சை, போட வேண்டும். அந்த நேரம் போன் பார்த்துக்கொண்டிருந்தால் அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும்.

அதோடு இந்த வழியில் ஒரு மலை இருக்கிறது. மதுரையிலிருந்து பூவாருக்கு நேர்கோடு போட்டால் அது அகத்தியர்கூடத்துக்குக் கிட்டத்தட்ட மேலேயே போகிறது. உயரம் 1,868 மீட்டர், அடியில் சொன்னால் 6,100-க்குச் சற்று மேல். திருவனந்தபுரத்திலிருந்து கிழக்கு-வடகிழக்கே 20 கடல் மைல். நான் முதன்முதலில் இந்த வழியில் வந்தபோது மழைக்கால மேகம் போட்டு வைத்திருந்தேன், சீக்கிரமே இறங்கியும் விட்டேன். சாம்பல் நிறத்தில் ஒன்றுமே தெரியவில்லை. திடீரென்று ஒரு பச்சைச் சரிவு, அவ்வளவுதான், திரை நின்றுவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கே வயிற்றைப் பிசைந்தது. அதிலிருந்து எனக்கு ஒரு விதி உண்டு: மதுரை டிஎம்இ 90 ஆகும்வரை 9,000 அடிக்குக் கீழே போவதில்லை. சார்ட்டில் இதைவிட அதிக உயரம் போட்டிருந்தால் அதுதான் கணக்கு. மலைமேல் சமமாகப் பறக்கும் அந்தச் சில மைலில் வேகத்தை 250 நாட்டுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். பத்து மைல் ஒதுக்கினோமே, அது இங்கே பயன்படும்.

மலை தாண்டியதும் இறங்கி, பூவாருக்கு ஒன்றரை மைல் முன்பாகவே வலப்பக்கம் திரும்பத் தொடங்குங்கள். கிட்டத்தட்ட நூறு டிகிரித் திருப்பம். ரன்வேயின் நடுக்கோட்டைக் காட்டும் ஐஎல்எஸ் ஊசி நடுவுக்கு வந்த பிறகு திரும்பினால் கடலுக்குப் போய்விடுவீர்கள்.

அப்புறம் அந்தப் 'பொத்'. இதற்குக் காரணம் இன்ஜின். அந்தக் காலத்து ஜேடி8டி இன்ஜின் ஐடிலில் கிடக்கும்போது த்ராட்டிலைத் தள்ளினால், தள்ளிய மாத்திரத்தில் விசை வராது. முதலில் சில விநாடி முனகும், அதன்பிறகு ஒரேயடியாக எழும். முழு விசைக்கு ஏழெட்டு விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 அடியில் வேகம் குறைகிறதே என்று த்ராட்டிலைத் தள்ளினால், அந்த விசை வரும்போது நீங்கள் தரையில் இருப்பீர்கள். 1965 நவம்பர் 11-ம் தேதி அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் ஒரு போயிங் 727 இப்படித்தான் விழுந்தது. அளவுக்கு மீறிய வேகத்தில் இறங்கியது, த்ராட்டிலைத் தள்ளியது தாமதம். விமானத்தில் இருந்த 91 பேரில் 43 பேர் இறந்தார்கள். அந்த வருடம் 727 விமானங்களுக்கு நேர்ந்த விபத்துகளுக்குப் பிறகுதான், ஜெட்டை இறக்குவது எப்படி என்ற பயிற்சியே இறுகியது.

அதனால் 1,000 அடியில் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். கியர் (சக்கரங்கள்) கீழே, ஃப்ளாப் (இறக்கையின் பின் மடிப்பு) 30, உங்கள் எடைக்கு அட்டவணை சொல்லும் வேகம், இறக்கம் நிமிடத்துக்கு 650 – 700 அடி, இன்ஜின் விசையோடு சுழன்றுகொண்டிருக்க வேண்டும். ஃப்ளாப்பும் கியரும் வெளியே இருந்தால் காற்று இழுக்கும், அந்த இழுப்பைச் சமாளிக்க விசை தேவைப்படும், விசை இருந்தால் இன்ஜின் விழித்திருக்கும். கடைசியில் சின்னச் சின்னத் திருத்தம் மட்டும். 1,000 அடியில் த்ராட்டில் இன்னும் ஐடிலில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், கோ-அரவுண்ட் போங்கள், அதாவது இறங்காமல் மேலேறிச் சுற்றி வாருங்கள். வீட்டில்தானே ஓட்டுகிறோம் என்று இதை விட்டுக்கொடுத்தால், அந்தக் காலத்து பைலட் மாதிரி ஓட்ட வேண்டும் என்ற உங்கள் ஆசைக்கு அர்த்தம் இல்லை.

விசையைக் காட்டும் மீட்டர் ஈபிஆர். இன்ஜினுக்குள் நுழையும் காற்றின் அழுத்தத்தைவிட வெளியேறும் அழுத்தம் எத்தனை மடங்கு என்று சொல்வது. டேக்ஆஃபுக்கு அன்றைய வெப்பநிலைக்கு ஏற்ற எண்ணை அட்டவணையில் எடுத்து, சிறு குமிழைத் திருகிக் குறிமுள்ளை அங்கே வைப்பார்கள். ஊசி குறிமுள்ளைத் தொடும்வரை த்ராட்டிலைத் தள்ளுவார்கள். நம் ஊர்ப் பங்குனி வெயிலில் அந்த எண் குறையும், பார்த்து எடுங்கள். ஆனால் ஈபிஆரை மட்டும் நம்பக் கூடாது. பக்கத்தில் இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் என்1 ஊசியையும் பாருங்கள். 1982 ஜனவரி 13-ம் தேதி வாஷிங்டனில் ஏர் ஃப்ளோரிடாவின் 737-200 பனியில் கிளம்பியது. இன்ஜினில் பனி படியாமல் காக்கும் ஆன்டி-ஐஸ் போடவில்லை. அழுத்தம் அளக்கும் குழாயில் பனி அடைத்ததால் ஊசி 2.04 காட்டியது, உண்மையில் இருந்தது 1.70 அளவுக்குத்தான். மற்ற ஊசிகள் குறைவாகவே நின்றன. விமானம் பாலத்தில் மோதி ஆற்றில் விழுந்தது, 78 பேர் இறந்தார்கள். ஈபிஆர் மீட்டரைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு எண்களும் நினைவுக்கு வரும்.

பொருள் வாங்குவது பற்றி: ஜாய்ஸ்டிக் இருக்கட்டும். காசு சேர்ந்தால் முதலில் இரண்டு நெம்புகோல் உள்ள த்ராட்டில் வாங்குங்கள். இந்த விமானத்தில் ஆட்டோ-த்ராட்டிலை எதிர்பார்க்காமல் கையாலேயே விசையை வைத்துப் பழக வேண்டும், ஜாய்ஸ்டிக்கின் அடியில் இருக்கும் சின்னச் சறுக்கியில் நுணுக்கமாக அது வராது. திரை நொடிக்கு 30 படத்துக்குக் குறையாமல் சீராக ஓடும்படி மேகத்தையும் நிழலையும் குறைத்து வையுங்கள்.

707, 747-200 எல்லாம் பிறகு பார்க்கலாம். ஏர் இந்தியா 1960-ல் 707 வாங்கி ஆசியாவிலேயே முதலில் ஜெட் ஓட்டியது. அந்த விமானத்தின்மேல் எனக்கும் தீராத ஆசைதான். ஆனால் நீண்ட தூர விமானங்களில் தரை நிலையம் எதுவும் இல்லாமலே வழி சொல்லும் ஐஎன்எஸ் என்ற பெட்டி இருக்கும். ஒன்பது இடங்களைத்தான் ஒரு நேரத்தில் அதில் ஏற்ற முடியும், நிற்கும் இடத்தைக் கொடுத்துவிட்டுக் கால் மணி நேரம் அசையாமல் காத்திருக்க வேண்டும். மதுரை – பூவார் கணக்கு கைக்கு வந்த பிறகு அதைத் தனியாக எழுதுகிறேன்.

இந்த வாரம் ஐந்து தடவை இதே வழியில், தெளிந்த வானத்தில், ஒரே எடையில் ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் மூன்று எண்களைக் குறித்து எனக்கு அனுப்புங்கள்: மதுரை டிஎம்இ 81-ல் உயரம் எவ்வளவு, பூவார் திருப்பத்தில் வேகம் எவ்வளவு, 1,000 அடியில் ஈபிஆர் எவ்வளவு. அதைப் பார்த்தால் எந்த இடத்தில் தவறுகிறது என்று சொல்லிவிடலாம்.