ஸ்மித்சோனியனில் இருக்கும் அந்தக் குட்டி ‘ஹெலிகாப்டர்’ உண்மையிலேயே வீட்டில் கட்டக்கூடியதா?

வாஷிங்டனுக்கு அருகே, டல்லஸ் விமான நிலையத்தை ஒட்டியுள்ள ஸ்மித்சோனியனின் உட்வார்-ஹேசி அருங்காட்சியகத்தில், நாற்காலிக்கு மேல் விசிறி பொருத்தியது போல் நிற்கும் ‘ஸ்பிரிட் ஆஃப் கிட்டி ஹாக்’ என்ற வாகனத்தின் வரலாற்றைக் கேட்டிருக்கிறீர்கள். கிட், அதாவது பாகங்களின் தொகுப்பு, வாங்கி வீட்டில் கட்டிய ஹெலிகாப்டர் என்று அதைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். முதலில் ஒரு திருத்தம்: அது ஹெலிகாப்டர் அன்று, ஜைரோகாப்டர். இது வெறும் பெயர்ச் சிக்கலன்று. வீட்டுக் கொட்டகையில் கட்ட முடிந்ததற்குக் காரணமே இந்த வேறுபாடுதான்.

ஹெலிகாப்டரின் தலைக்கு மேல் சுழலும் இறக்கைகளான ரோட்டர், நம் வீட்டு மின்விசிறியைப் போன்றது. எஞ்சின்தான் அதைச் சுழற்றுகிறது. அப்போது உடற்பகுதி எதிர்ப்பக்கமாகத் திரும்ப முயலும் என்பதால் அதை அடக்க வாலில் இன்னொரு ரோட்டர், இரண்டுக்கும் விசையைக் கொண்டுசெல்லக் கியர்களும் தண்டுகளும் என்று வேலை பெருகிவிடுகிறது. ஜைரோகாப்டரின் ரோட்டரோ பனையோலைக் காற்றாடி. முள்ளில் குத்திய ஓலையைப் பிடித்துக்கொண்டு ஓடினால் அது தானே சுற்றுவதைப் போல, பின்னாலுள்ள எஞ்சினும் புரொப்பெல்லரும் வாகனத்தை முன்னே தள்ளும்போது, சற்றே பின்சாய்ந்த ரோட்டரின் ஊடாகக் கீழிருந்து காற்று புகுந்து அதைச் சுழற்றுகிறது. ஹுவான் தெ லா சியெர்வா என்ற பொறியாளர் 1923இல் ஸ்பெயினில் பறக்கவிட்டுக் காட்டிய தத்துவம் இது. அந்தரத்தில் அசையாமல் நிற்க இதனால் முடியாது. ஆனால் எஞ்சின் நின்றாலும் ரோட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், மெல்ல இறங்கிவிடலாம்.

இதை எளியவர் கைக்குக் கொண்டுவந்தவர் இகோர் பென்சன். 1917இல் ரஷ்யாவில் பிறந்து, மாணவராக அமெரிக்கா வந்து, ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். போர்க்காலத்தில் பிரிட்டனில் ராவுல் ஹாஃப்னர், பாராசூட்டுக்கு மாற்றாக ஒரு வீரரைத் தரையிறக்கவென்று உருவாக்கிய ‘ரோட்டாசூட்’ ஜெனரல் எலெக்ட்ரிக்குக்குச் சோதனைக்கு வந்தது. பென்சன் அதைப் பறக்கவிட்டுப் பார்த்தார். எஞ்சினே இல்லாத அந்தச் சிறு பொறிதான் அவருடைய மனத்தில் விதையாக விழுந்தது என்பது என் கணிப்பு. 1953இல் வட கரோலினாவின் ராலே நகரில் சொந்த நிறுவனம் தொடங்கி, காரின் பின்னால் கயிறு கட்டி இழுத்துப் பறக்கும், எஞ்சின் இல்லாத கிளைடரை முதலில் விற்றார். 1955இல் எஞ்சின் பொருத்திய பி-7எம் பறந்தது. 1957இல் பி-8எம் வந்தது. ராணுவத்தின் பயிற்சி இலக்கு விமானங்களுக்காகச் செய்யப்பட்ட 72 குதிரைத்திறன் மெக்கல்லக் எஞ்சின்கள் மலிவாகக் கிடைத்தது அவருடைய நல்வாய்ப்பு. வரைபடமாகவும் கிட்டாகவும் அதை வாங்கியவர்கள், போல்ட்டு நட்டுகளால் முடுக்கிச் சேர்க்கும் அலுமினியக் குழாய்களோடு தங்கள் கொட்டகைகளில் மல்லுக்கட்டினார்கள்.

நீங்கள் பார்த்தது பென்சனே ஓட்டிய பி-8எம். 1967, 1968ஆம் ஆண்டுகளில் வேகம், தூரம், உயரம் ஆகியவற்றில் 12 சாதனைகளை அதில் நிகழ்த்திவிட்டு, 1969இல் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். டிஸ்கவரி விண்வெளி ஓடமும் கான்கார்ட் விமானமும் நிற்கும் அதே வளாகத்தில், சுமார் 110 கிலோ எடையுள்ள இதன் முன் நான் நெடுநேரம் நின்றிருக்கிறேன். விமானியைச் சுற்றிக் கூடோ கதவோ இல்லை. இருக்கைக்குப் பின்னால் எழும் கம்பத்தின் உச்சியில் ரோட்டர்; அதன் இரண்டு இறக்கைகளும் துலாக்கோலைப் போல ஒரே ஒரு போல்ட்டில் ஏறி இறங்கும்படி மாட்டியிருக்கும். விமானியின் முழு எடையும் ஆகாயத்தில் தொங்குவது அந்த போல்ட்டில்தான். இவ்வகை வண்டிகளைக் கிளப்பும் விதமும் வேடிக்கையானது. விமானி கையை உயர்த்தி ரோட்டரைத் தள்ளித் தள்ளிச் சுற்றிவிட்டு, பிறகு தரையில் உருட்டிக்கொண்டு போய்க் காற்றால் அதன் வேகத்தைக் கூட்ட வேண்டும்.

கட்டுவது எளிதாக இருந்ததால் ஓட்டுவதும் எளிது என்று நம்பியவர்கள் பலர். அதில் உயிரிழந்தவர்களும் உண்டு. வாலில் கிடைமட்டத் தகடு இல்லாததால் மூக்கு ஏறி இறங்கத் தொடங்கினால், அனுபவமற்றவர் காலந்தாழ்த்திக் கொடுக்கும் திருத்தம் அந்த ஆட்டத்தை மேலும் பெரிதாக்கும். மூக்கை அதிகமாகக் கீழே தள்ளிவிட்டால் ரோட்டரின் மீதுள்ள பாரம் நீங்கி அதன் சுழற்சி தளர்ந்துவிடும். பிறகு மீட்க வழியில்லை. அருங்காட்சியகங்களில் இந்தப் பக்கத்தையும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும் என்பது என் ஆதங்கம்.

உண்மையான கிட் ஹெலிகாப்டர்தான் வேண்டுமென்றால், அரிசோனாவில் பி. ஜே. ஷ்ராம் தொடங்கிய ரோட்டர்வே நிறுவனத்தின் ‘ஸ்கார்ப்பியன்’ பற்றித் தேடிப் பாருங்கள். விலையுயர்ந்த கியர்பாக்ஸைத் தவிர்த்து, பெல்ட்டுகளையும் சங்கிலியையும் கொண்டு ரோட்டர்களைச் சுழற்றினார். தொடக்கத்தில் அவர் பொருத்தியது படகுக்கான எஞ்சின்.