உலகக் கோப்பையை வெல்லாதவர்களில் எனக்குப் பிடித்தவர் ஜிகோ

கேள்வி: உலகக் கோப்பையை வெல்லாத கால்பந்து ஆட்டக்காரர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார்?

பிரேசிலின் ஜிகோ. யோசிக்கவே வேண்டியதில்லை.

அவர் பிரேசிலுக்கு ஆடிய காலத்தில் நான் பிறக்கவே இல்லை. பழைய ஆட்டங்களைத் தேடித் தேடிப் பார்த்துத்தான் ரசிகன் ஆனேன். முதலில் பார்த்தது 1982 உலகக் கோப்பையில், ஜூலை 5 அன்று பார்சிலோனாவின் சாரியா மைதானத்தில் இத்தாலியுடன் நடந்த ஆட்டம். டிரா செய்தாலே பிரேசிலுக்கு அரையிறுதி. ஆனால் 5-ஆவது நிமிடத்திலேயே பாவ்லோ ரோஸ்ஸி கோல் போட்டுவிட்டார்.

அதற்குப் பிரேசில் கொடுத்த பதிலை மட்டும் நூறு தடவையாவது பார்த்திருப்பேன். பிரேசில் அணித் தலைவர் சாக்ரடீஸ் பந்தை ஜிகோவிடம் தள்ளிவிட்டு வலப்பக்கம் ஓடுகிறார். ஜிகோவின் முதுகோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறார் ஜென்டிலே, இத்தாலியின் முரட்டுத் தடுப்பாட்டக்காரர். ஜிகோ சட்டென்று ஒரு திரும்பு திரும்பி அவரைக் கழற்றிவிடுகிறார். மற்றவர்கள் நெருங்குவதற்குள் பந்தைத் தரையோடு நழுவ விடுகிறார். சாக்ரடீஸ் வேகத்தைக் குறைக்கவே வேண்டியிருக்கவில்லை. ஓடும் காலுக்கே பந்து வந்து சேர்கிறது, கோல்! பதிவேட்டில் அது சாக்ரடீஸ் பெயரில் இருக்கும். எனக்கு அது ஜிகோவின் கோல்.

அன்று பிரேசில் 3-2 என்று தோற்றது. ரோஸ்ஸி மூன்று கோல். ஜென்டிலே இழுத்த இழுப்பில் ஜிகோவின் ஜெர்சியே கிழிந்தது.

1986 உலகக் கோப்பை பற்றிப் பேச்சு வந்தால்தான் எனக்குக் கோபம் வரும். 'பெனால்டியை விட்டவர்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். முந்தைய ஆண்டு ஒரு கிளப் ஆட்டத்தில் விழுந்த அடியில் முழங்கால் சிதைந்து, முழுதாகத் தேறாமலேதான் மெக்சிகோ போனார். பிரான்சுடன் காலிறுதி, இரண்டாம் பாதியில் மாற்று ஆட்டக்காரராக இறங்குகிறார். இறங்கிய கையோடு சக ஆட்டக்காரர் பிராங்கோவுக்கு ஒரு பாஸ். பிரான்சின் கோல்கீப்பர் பாட்ஸ் பிராங்கோவை வீழ்த்த, பெனால்டி. அந்த வாய்ப்பை உண்டாக்கியவரே அவர்தான்! உடம்பு சூடேறும் முன்பே அடித்தார், பாட்ஸ் தடுத்துவிட்டார். ஆட்டம் டிராவாகி, வெற்றியைத் தீர்மானிக்க நடந்த பெனால்டி ஷூட்-அவுட்டில் அதே பாட்ஸுக்கு எதிராக ஜிகோ கோல் போட்டார். பிரேசில் தோற்றது. அங்கே தவறவிட்டவர்கள் சாக்ரடீஸும் ஜூலியோ சீசரும், எதிரணியில் பிளாட்டினியும். இதை யாரும் சொல்வதில்லை.

கிளப் கணக்கில் அவருக்குக் குறையே இல்லை. பிரேசிலின் பிளமெங்கோ கிளப்புக்காக 500-க்கும் மேல் கோல்கள், 1981-இல் டோக்கியோவில் இங்கிலாந்தின் லிவர்பூலை 3-0 என்று வீழ்த்திய ஆட்டம். இத்தாலியில் உதினேசே என்ற சிறிய கிளப்புக்கு ஆடி, முதல் பருவத்திலேயே 19 கோல்கள். அந்தப் பருவத்தில் இத்தாலி லீகில் அதிக கோல் அடித்து முதலிடம் பிடித்த பிளாட்டினிக்கு 20.

நான் அதைவிட மதிப்பது ஜப்பான் கதையை. 1991-இல் அங்கே போய்ச் சேர்ந்தது, இரண்டாம் நிலை லீகில் ஆடிய ஒரு கம்பெனி அணியில். அதுதான் பிறகு கஷிமா ஆன்ட்லர்ஸ் ஆனது. 1993-இல் ஜப்பானின் தொழில்முறைக் கால்பந்துத் தொடரான ஜே லீக் தொடங்கியபோது அவருக்கு வயது 40. அணியின் முதல் ஆட்டத்திலேயே ஹாட்ரிக் அடித்தார்.

2014-இல் எஃப்சி கோவாவுக்குப் பயிற்சியாளராக இந்தியாவுக்கே வந்துவிட்டார். 2015 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) இறுதியாட்டம், எதிரே எங்கள் சென்னையின் எஃப்சி. கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் விழுந்து 3-2 என்று கோப்பை சென்னைக்கு வந்தது, வீடே அதிர்ந்தது. ஆனால் அதற்குச் சற்று முன், 87-ஆவது நிமிடத்தில், கோவாவின் ஜோஃப்ரே ஒரு ஃப்ரீ கிக் அடித்து கோலாக்கினார். ஜிகோவின் அணி, ஜிகோ பேர்போன அதே ஃப்ரீ கிக். எதிரணி கோல் என்பதை மறந்து கை தட்டிவிட்டேன்.