பராமரிப்பு இல்லத்தில் அரும்பிய அன்பும் நிர்வாகத்தின் தடையும்: சட்டம் என்ன சொல்கிறது?

கேள்வி: எனக்கு வயது 61. அரசு ஊழியராக இருந்த என் கணவர் காலமாகிவிட்டார். குடும்ப ஓய்வூதியம் பெற்று வருகிறேன். படுத்த படுக்கையாக இருக்கும் என் தாயாரைக் கட்டணம் செலுத்தும் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்திருக்கிறேன். அவருக்குப் படுக்கைப் புண் வந்தபின், இரவுப் பணிக்குச் செவிலியர் வேண்டும், மருந்துப் பதிவேட்டைக் காட்ட வேண்டும் என்று மற்றக் குடும்பத்தாரையும் சேர்த்துக்கொண்டு நிர்வாகத்துக்கு எழுதத் தொடங்கினேன். அந்த மனுக்களை எழுத உதவியவர், அதே இல்லத்தில் வசிக்கும் 68 வயதான ஒருவர். இடுப்பெலும்பு முறிவுக்குப் பிறகு சக்கர நாற்காலியில் இருக்கிறார், நினைவாற்றலில் குறையில்லை. சேர்ந்து உழைத்ததில் எங்களுக்குள் அன்பு உண்டாயிற்று. அவரும் மனைவியை இழந்தவர். நான் இந்து, அவர் கிறிஸ்தவர். நாங்கள் திருமணம் செய்துகொள்ள விரும்புகிறோம். அவருக்கான கட்டணத்தைச் செலுத்தும் மகன் இதை எதிர்க்கிறார். மகன் கேட்டுக்கொண்டதாகக் கூறி, நான் அவருடைய தந்தையைச் சந்திக்கக் கூடாதென நிர்வாகம் தடுத்துவிட்டது. புகார்கள் எல்லாம் காதல் நாடகம் என்றும், தொடர்ந்தால் அவதூறு வழக்குப் போடுவோம், தாயாரை அழைத்துச் செல்லுங்கள் என்றும் கடிதம் அனுப்பியிருக்கிறது. அவரோ தம் வீட்டை என் பெயருக்கு எழுதிவைக்க விரும்புகிறார். நாங்கள் என்ன செய்வது?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் இரண்டு விவகாரங்கள் இருக்கின்றன. ஒன்று பராமரிப்புக் குறைபாடு, மற்றொன்று உங்கள் திருமணம். இவை இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதில் நிர்வாகத்துக்கு ஆதாயம் இருக்கிறது. உங்களுக்கு எந்த ஆதாயமும் இல்லை. ஆகவே இன்று முதல் இரண்டுக்கும் தனித்தனிக் கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். இல்லத்தைப் பற்றிய எந்த மனுவிலும் திருமணத்தைப் பற்றி ஒரு வரிகூட வர வேண்டாம். உங்கள் தாயாரின் முதுகில் உள்ள புண், அதைச் சுட்டிக்காட்டியவர் யாரை நேசிக்கிறார் என்பதைப் பொறுத்து ஆறுவதும் இல்லை, பொய்யாவதும் இல்லை. 'காதல் நாடகம்' என்ற சொல்லுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்காமல், புண்ணைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

முதலில் சந்திப்புத் தடையைப் பார்ப்போம். கட்டணம் செலுத்துவதால் மட்டுமே மகன் தந்தைக்குப் பாதுகாவலராகிவிட மாட்டார். மனத்தெளிவுள்ள வயதுவந்தவர் யாரைச் சந்திக்கலாம், யாரை மணக்கலாம் என்பதை முடிவு செய்யும் அதிகாரம், தம் சார்பில் செயல்பட அவர் கொடுத்திருக்கக்கூடிய பொது அதிகாரப் பத்திரத்தின் மூலமாகக்கூட வேறொருவருக்குப் போய்விடாது. அந்தப் பத்திரத்தை அவரே ரத்து செய்யவும் முடியும். தம் விருப்பப்படி ஒருவரை மணந்துகொள்வது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உரிமையில் அடங்கியது என்று உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு ஷஃபீன் ஜஹான் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

அதே சமயம், தனியார் இல்லம் தன் வளாகத்துக்குள் வருவோரை ஒழுங்குபடுத்தவும் பார்வை நேரம் வகுக்கவும் செய்யலாம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அவர் வெளியே வந்து உங்களைச் சந்திப்பதையோ, தொலைபேசியில் பேசுவதையோ தடுக்கும் உரிமை அந்த அதிகாரத்தில் அடங்காது. வெளியே செல்ல விரும்பும் ஒருவரைப் பூட்டிய கதவுக்குள் வைத்திருந்தால், அது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 127ஆம் பிரிவின்படி சட்டவிரோத அடைத்துவைப்பு என்னும் குற்றமாகலாம். அடைத்துவைக்கப்பட்டவரை நீதிமன்றத்தில் முன்னிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனுவும் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம். அந்த நிலைக்குப் போகுமுன், "இவரைச் சந்திக்க விரும்புகிறேன், என் சார்பில் தடைவிதிக்க யாருக்கும் நான் அதிகாரம் தரவில்லை" என்று அவரே தம் கைப்பட எழுதிக் கையொப்பமிட்ட கடிதம் ஒன்று நிர்வாகத்துக்கும் மகனுக்கும் போய்ச் சேர வேண்டும். இதை உங்கள் கையெழுத்தில் நீங்கள் எழுதித் தரக் கூடாது.

திருமணத்துக்கு, மதம் மாறாமல் மணந்துகொள்ள வழிசெய்யும் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமே பொருத்தமானது. இருவரில் ஒருவராவது குறைந்தது 30 நாள்களாக வசித்துவரும் மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் அறிவிப்புத் தர வேண்டும். உங்கள் நண்பர் பராமரிப்பு இல்லத்தில் வசிப்பதே இதற்குப் போதும். அறிவிப்பு வெளியான 30 நாள்களுக்குள் யாரும் ஆட்சேபிக்கலாம் என்றாலும், அந்த ஆட்சேபம் 4ஆம் பிரிவின் நிபந்தனைகளைப் பற்றியதாக மட்டுமே இருக்க முடியும்: வாழ்க்கைத் துணை உயிரோடு இருக்கிறாரா, செல்லத்தக்க சம்மதம் தரும் மனநிலை உண்டா, வயது நிறைந்ததா, தடைசெய்யப்பட்ட உறவா என்பவைதான் அவை. தந்தையின் மறுமணம் மகனுக்குப் பிடிக்கவில்லை என்பது அந்தப் பட்டியலில் இல்லை. எனவே மகன் மனநிலையைத்தான் கையில் எடுப்பார் என்று எதிர்பாருங்கள். அறிவிப்புத் தரும் காலத்திலேயே, இல்லத்தோடு தொடர்பில்லாத அரசு மருத்துவர் ஒருவரிடம் அவருடைய மனத்தெளிவு குறித்துச் சான்று பெற்று வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு தந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் திருமணம் நடைபெறாவிட்டால் புதிய அறிவிப்பு தேவைப்படும். பயணம் அவருக்குச் சிரமம் என்றால், கூடுதல் கட்டணம் செலுத்தி, அலுவலகத்திலிருந்து நியாயமான தூரத்திலுள்ள வேறோர் இடத்தில் திருமணத்தை நடத்தித் தருமாறு 12ஆம் பிரிவின் கீழ் கேட்கலாம். சாட்சிகள் மூவர் வேண்டும்.

பராமரிப்புக் குறைபாட்டில் உங்கள் நிலை வலுவானது. கட்டணம் பெற்றுக்கொண்டு தரப்படும் சேவை இது. சேவையின் பயனை அனுபவிப்பவர் என்ற முறையில் உங்கள் தாயாரும் நுகர்வோரே. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி குறைபாடு ஏற்பட்ட இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். தாயாரை வெளியேற்றாதிருக்க இடைக்கால உத்தரவும் அங்கேயே கோரலாம். ஆயினும் ஆணையம் ஆவணத்தைத்தான் பார்க்கும். படுத்திருப்பவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பது செவிலியர் அறிந்த நடைமுறை. அதற்கான பதிவு உண்டா, இரவில் கையொப்பமிட்டவர் யார், புண் எந்த நாளில் முதலில் குறிக்கப்பட்டது என்று எழுத்துமூலம் கேட்டு, நகல் கோருங்கள். வெளி மருத்துவர் ஒருவர் புண்ணின் அளவையும் நிலையையும் தேதியிட்டு எழுதித் தந்தால் அதைவிடச் சிறந்த சான்று வேறில்லை. புகைப்படம் எடுப்பதானால் உங்கள் தாயாரை மட்டும், அவர் சம்மதத்தோடு எடுங்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் மானமும் காக்கப்பட வேண்டியதே.

அவதூறு மிரட்டலுக்கு அஞ்ச வேண்டாம். அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் புகார் அவதூறாகாது என்ற விதிவிலக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவிலேயே இருக்கிறது. மாவட்ட ஆட்சியருக்கும் சமூகநல அலுவலருக்கும் எழுதுங்கள். முதியோருக்கான 14567 என்ற உதவி எண்ணிலும் தெரிவியுங்கள். அதே செய்தியை வாட்ஸ்அப் குழுக்களில் பரப்பினால் அந்தப் பாதுகாப்பு பலவீனமாகிவிடும்.

இனி, நான் அதிகம் கவலைப்படும் பகுதிக்கு வருகிறேன். வீட்டை இப்போது உங்கள் பெயருக்கு எழுதி வாங்காதீர்கள். அவருடைய அன்பை நான் ஐயப்படவில்லை. ஆனால் முதுமையும் நோயும் உள்ள ஒருவர் தம் நம்பிக்கைக்குரியவருக்குச் சொத்தை எழுதித் தரும்போது, இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்லும் தகாத செல்வாக்கு, அதாவது ஒருவர் மீதுள்ள பிடியைப் பயன்படுத்தி அவரை இணங்கவைத்தல், என்ற கேள்வி எழும். நேர்மையாக நடந்தது என்று மெய்ப்பிக்கும் சுமை உங்கள் தலையில் விழக்கூடும். மேலும், பத்திரம் பதிவான மறுநாளே உங்கள் பராமரிப்புப் புகார்கள் அத்தனையும் சொத்துக்காகப் போட்டவை என்று வாதிட நிர்வாகத்துக்கு வழி கிடைத்துவிடும்.

உயில் விஷயம் பலருக்கும் தெரியாதது. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்படி, கிறிஸ்தவர் ஒருவர் எழுதிய உயில் அவருடைய திருமணத்தால் தானாகவே ரத்தாகிவிடும். மகனுக்கு வீடு என்று முன்பு உயில் எழுதியிருந்தால், மணநாளன்றே அது செல்லாது. அதன்பின் புதிய உயில் இல்லாமல் அவர் மறைந்தால் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கும், மூன்றில் இரண்டு பங்கு வழித்தோன்றல்களுக்கும் போகும். மகனின் எதிர்ப்புக்குப் பின்னால் இந்த அச்சம் இருக்கலாம். அதைக் குற்றமாகக் கருத வேண்டியதில்லை. திருமணத்துக்குப் பின் அவர் புதிய உயில் எழுதி, வீட்டில் உங்களுக்கு ஆயுட்கால வசிப்புரிமையும் உங்கள் காலத்துக்குப் பின் மகனுக்கு உரிமையும் என்று வகுத்தால், நீங்களும் தெருவில் நிற்க மாட்டீர்கள், மகனும் தந்தையோடு பேசத் தொடங்கலாம். என் யோசனை இதுவே. இதை மகனிடம் முன்கூட்டியே சொல்லிவிடச் சொல்லுங்கள்.

உங்கள் ஓய்வூதியத்தையும் எண்ணிப் பாருங்கள். அரசின் குடும்ப ஓய்வூதியம் பொதுவாக விதவையின் மறுமணத்தோடு நின்றுவிடும். குழந்தையில்லாத விதவைக்கு மத்திய அரசின் விதிகள் சில நிபந்தனைகளோடு விலக்கு அளிக்கின்றன. உங்களுக்குக் குழந்தைகள் உண்டா என்று நீங்கள் குறிப்பிடவில்லை. மணந்துகொண்டு அதை மறைத்து, மறுமணம் செய்யவில்லை என்று ஆண்டுதோறும் சான்று தருவது மோசடியாகும். பெற்ற பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள், வழக்கும் வரும். அவர் ஓய்வூதியம் பெறுபவரா, அவருக்குப் பின் உங்களுக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடைக்குமா என்பதை, அறிவிப்புப் படிவத்தில் கையெழுத்திடும் முன் ஓய்வூதிய அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

வழக்கறிஞர் கட்டணம் தடையாக இருந்தால், 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. நிர்வாகத்தின் கடிதத்தையும், தாயாரைச் சேர்க்கும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையும், கட்டண ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு, மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு இந்த வாரமே செல்லுங்கள். ஒப்பந்தத்தில் வெளியேற்றுவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு தேவை என்று இருக்கிறதோ, அந்தக் கெடு முடியும் முன் இடைக்கால உத்தரவுக்கான மனு தாக்கலாகிவிட வேண்டும்.