சின்னப்பாலத்து அக்காவுக்கு, மகளின் உளவியல் படிப்பு பற்றி

அக்கா,

மனிதர்கள் படங்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்று உளவியலில் படிக்கப் பாப்பா ஆசைப்படுகிறாள் என்றதும், கடல்பாசி எடுத்துவிட்டு வந்த கையோடு போன் செய்து, "படம் பாக்குறதுக்கும் ஒரு படிப்பா சார்?" என்று கேட்டீர்கள். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் பாப்பாவின் நோட்டை நீங்கள் ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும்.

ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனைக்குப் பள்ளியிலிருந்து போனபோது, மற்றவர்கள் செல்ஃபி எடுக்க, இவள் ஆட்களை எண்ணியிருக்கிறாள். சேதுபதி மன்னர் ஐரோப்பியரைச் சந்திக்கும் சுவரோவியத்தின் முன் எத்தனை பேர் நின்றார்கள், அண்ணாந்து பார்த்துக் கழுத்தைத் தடவியவர்கள் எத்தனை பேர், கடைசியில் ஓவியத்தைப் பார்க்காமலே நடந்தவர்கள் எத்தனை பேர் என்று கோடு கோடாகப் போட்டு வைத்திருக்கிறாள். பாஸ்டன் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த கில்மன் என்பவர் 1916-இல் இதைத்தான் ஆராய்ந்தார். பொருள்களைப் பார்க்க ஒருவர் எப்படியெல்லாம் குனிந்து வளைய வேண்டியிருக்கிறது என்று படம்பிடித்து, அந்தக் களைப்புக்குப் பெயரும் வைத்தார். அதே ஆண்டு ஹார்வர்ட் உளவியல் பேராசிரியர் மியூன்ஸ்டர்பர்க், சினிமாவில் வரும் குளோசப் நம் மனம் ஒன்றை உற்றுக் கவனிப்பதைப் போன்றது என்று எழுதினார். யாரும் சொல்லிக் கொடுக்காமலே இவள் அந்த வழியில் போயிருக்கிறாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அதனால் முதலில் பி.எஸ்ஸி. உளவியல். அதில் புள்ளியியல் உண்டு. கணக்கு வராது என்று ஒதுங்கினால் பின்னால் கஷ்டம். காட்சி ஊடகமோ கண்காட்சி வடிவமைப்போ முதுநிலையில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பட்டம் வாங்கியதும் மனநல சிகிச்சை செய்ய முடியாது. அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த மேற்படிப்பும் பதிவும் வேண்டும். 'ஓவிய சிகிச்சை, பத்தே நாளில் சான்றிதழ்' என்று யார் வந்தாலும் பணம் கட்டாதீர்கள்.

பணத்துக்கு வருவோம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும் அந்த நேரத்தில்தான் கல்லூரிச் சேர்க்கையும் வரும். ஆகவே அரசுக் கல்லூரிக்கு முதலில் போடுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். வங்கிக் கணக்கு அவள் பெயரில் இருக்கிறதா?

சனிக்கிழமை அவளைக் கூட்டி வாருங்கள், நோட்டோடு. விண்ணப்பத்தை நானே கூட உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன்.