பொலிஸ்காரரே குற்றம் சாட்டப்பட்டால்: புதுக்கடையிலிருந்து சில பதில்கள்

புதுக்கடை நீதிமன்றங்களில் குற்றவியல் வழக்குகள் பேசுகிறவள் நான். பெரும்பாலும் எதிரித் தரப்புக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு, சில வேளைகளில் பொலிஸாரிடம் அடிபட்டவர்களுக்கு. முன்னாள் பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னக்கோன் விவகாரத்துக்குப் பிறகு வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளை என்று எங்கே போனாலும் ஒரே மாதிரிக் கேள்விகள்தான் வருகின்றன. வந்தவற்றுக்கு ஒன்றாகப் பதில் எழுதுகிறேன். உங்கள் சொந்த வழக்கின் விவரங்களை மட்டும் பொதுவில் எழுத வேண்டாம், அதை உங்கள் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை வாசகர்: அக்கா, பொலிஸ் அதிகாரி மாட்டியவுடன் "குற்றம் நிரூபிக்கப்படும் வரை அவர் நிரபராதி" என்கிறார்கள். எங்கள் பொடியன்களைப் பிடித்தபோது இதை ஒருவரும் சொல்லவில்லையே?

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அது எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதில்தான் எனக்கு வேறு கருத்து.

அரசியலமைப்பின் 13(5) உறுப்புரை ஒவ்வொருவரும் குற்றவாளியென நிரூபிக்கப்படும் வரை சுத்தவாளியென்றே கொள்ளப்பட வேண்டும் என்கிறது. ஒவ்வொருவரும் என்றால் சீருடை போட்டவரும்தான், போடாதவரும்தான். எங்கள் பிள்ளைகளுக்கு அது கிடைக்காமல் போனதற்கு முக்கிய காரணம் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம். சாதாரணச் சட்டத்தில் பொலிஸ்காரரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வழக்கில் செல்லாது. இந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவோ உதவிப் பொலிஸ் அத்தியட்சர் அல்லது அதற்கு மேற்பட்டவரிடம் கொடுத்தால் செல்லும் என்றது. அதோடு, "அடித்து வாங்கினார்கள்" என்று நிரூபிக்கும் பொறுப்பையும் அடிவாங்கியவர் தலையிலேயே வைத்தது. மட்டக்களப்பைச் சேர்ந்த சிங்கராசா என்பவருக்கு 1995இல் 50 வருடச் சிறை விதித்தார்கள். ஆதாரம் சிங்களத்தில் எழுதப்பட்ட ஒரு ஒப்புதல் வாக்குமூலம், அவ்வளவுதான். மேன்முறையீட்டில் அது 35 வருடமாகக் குறைந்தது. 2004இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு இது நீதியான விசாரணை அல்ல என்று சொன்ன பிறகும் இங்கே உயர் நீதிமன்றம் 2006இல் அவருடைய மனுவை ஏற்கவில்லை.

இப்போது சொல்லுங்கள், பொலிஸ்காரன்தானே, அரைகுறைச் சாட்சியம் இருந்தாலும் உள்ளே தள்ளலாம் என்று நாங்களே சொன்னால், பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எந்த வாயால் எதிர்ப்பது? இந்த உரிமையை அவர்களிடமிருந்து பறிப்பதால் எங்களுக்கு ஒன்றும் திரும்பி வராது. எங்களிடமிருந்து எடுத்ததைத் திருப்பித் தா என்றுதான் கேட்க வேண்டும்.

கொட்டாஞ்சேனை வாசகர்: அப்படியானால் தீர்ப்பு வரும் வரை அவர் கதிரையிலேயே இருக்கலாமா?

இல்லை, இங்கேதான் எல்லோரும் குழம்புகிறார்கள், சிலர் வேண்டுமென்றே குழப்புகிறார்கள். சுத்தவாளி என்று கொள்வது குற்றவியல் நீதிமன்றம் தண்டனை கொடுப்பதற்கான விதி. பதவியில் வைத்திருக்க வேண்டும், விசாரிக்கக் கூடாது, கைது செய்யக் கூடாது என்று அது எங்கேயும் சொல்லவில்லை. பணி இடைநிறுத்தம் தண்டனையும் அல்ல. துப்பாக்கியும் வாகனமும் கீழ்ப்பணியாளர்களும் கையில் உள்ள ஒருவர் தனக்கெதிரான சாட்சிகளின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதற்காகச் செய்வது அது.

தென்னக்கோன் விடயத்தையே எடுங்கள். 2010இல் ஒருவர் தடுப்பில் சித்திரவதை செய்யப்பட்டது தொடர்பான அடிப்படை உரிமை வழக்கில், 2023 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரும் உரிமையை மீறியவர் என்று தீர்ப்புச் சொல்லி 5 இலட்சம் ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. அப்போது அவர் பதில் பொலிஸ் மா அதிபர். சில வாரங்களில் முழுப் பொலிஸ் மா அதிபராகவே நியமித்தார்கள்! 2024 ஜூலையில் உயர் நீதிமன்றம் அவர் அப்பதவியில் செயற்பட இடைக்காலத் தடை விதித்தது. தெற்கே வெலிகமவில் பொலிஸ் குழுவொன்று நடத்திய துப்பாக்கிச் சூடு தொடர்பான வழக்கில் 2025இல் அவருக்கு விளக்கமறியல், பிறகு பிணை. அதே வருடம் ஆகஸ்ட் 5ஆம் திகதி பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவி நீக்கியது. வெலிகமவில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தரின் உயிரே போயிருக்கிறது. ஆனாலும் நான் அறிந்தவரை அந்த வழக்கில் இன்னும் குற்றத் தீர்ப்பு இல்லை, ஆகவே அதில் அவர் சுத்தவாளி என்றே நானும் எழுதுவேன். அதற்காகப் பாராளுமன்றம் காத்திருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

பம்பலப்பிட்டி மாணவி: ஒரு நீதிமன்றம் விடுவிக்கிறது, இன்னொன்று நட்டஈடு கட்டச் சொல்கிறது. இது எப்படி, மிஸ்?

நல்ல கேள்வி, பிள்ளை. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலைத் தடுக்கத் தவறியதாக முன்னாள் பொலிஸ் மா அதிபர் பூஜித் ஜயசுந்தரவுக்கு எதிராக 855 குற்றச்சாட்டுகள் இருந்தன. 2022 பெப்ரவரியில் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது, சட்டமா அதிபர் மேன்முறையீட்டுக்குப் போனார். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அடிப்படை உரிமை மனுக்களில் அவரை 7 கோடியே 50 இலட்சம் ரூபாய் கட்டச் சொன்னது. குற்றவியல் வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும், ஏனென்றால் அங்கே ஒருவருடைய சுதந்திரமோ உயிரோ போகும். அடிப்படை உரிமை வழக்கில் எது கூடுதலாக நடந்திருக்கும் என்று பார்க்கிறார்கள், யாரையும் சிறைக்கு அனுப்புவதில்லை. இரண்டு வேறு கேள்விகள், இரண்டு வேறு பதில்கள்.

தெஹிவளை வாசகர்: பிந்துனுவெவ, திருகோணமலை மாணவர்கள், எல்லாவற்றிலும் விடுதலைதானே. இந்தச் சுத்தவாளிக் கதையால்தானே எல்லோரும் தப்புகிறார்கள்?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், அண்ணா.

2000 ஒக்டோபர் 25. பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாம். பொலிஸார் அங்கே நிற்கையிலேயே ஒரு கும்பல் புகுந்து இருபத்தைந்துக்கு மேற்பட்ட தமிழ் இளைஞர்களை வெட்டியும் எரித்தும் கொன்றது. 2003இல் மேல் நீதிமன்றம் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதித்தது, அதில் இரண்டு பேர் பொலிஸ் அதிகாரிகள். 2005 மே மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் வரை போய் ஒருவர்கூட மிஞ்சவில்லை, எல்லோரும் வெளியே.

2006 ஜனவரி 2. திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள். கைக்குண்டு வெடித்துச் செத்தார்கள் என்றுதான் முதலில் கதை வந்தது. தலையில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்ததைப் படம் பிடித்து வெளியில் கொண்டுவந்தவர் சுடரொளி செய்தியாளர் சுகிர்தராஜன், அந்த மாதமே அவரையும் சுட்டுக் கொன்றார்கள். சாட்சிகளின் குடும்பங்கள் பயந்து நாட்டை விட்டே போயின. 2013இல் பொலிஸின் விசேட அதிரடிப்படையினர் 12 பேரையும் ஒரு பொலிஸ் அதிகாரியையும் கைது செய்தார்கள். 2019 ஜூலையில் போதிய சாட்சியம் இல்லை என்று நீதவான் 13 பேரையும் விடுவித்தார்.

இப்போது கேளுங்கள், இந்த வழக்கைக் கொன்றது எது? 13(5) உறுப்புரையா? சாட்சியம் நீதிமன்றத்துக்கு வந்து, நீதிபதி அதை நம்பி, பிறகு "ஆனாலும் நீ சுத்தவாளி" என்று சொல்லவில்லை. சாட்சியம் வரவே இல்லை. வழக்கு வருடக்கணக்காக இழுபட்டது, படம் பிடித்தவர் உயிரோடு இல்லை, கண்ணால் கண்டவர்கள் கடல் கடந்து போய்விட்டார்கள். பொலிஸாரைப் பொலிஸாரே விசாரிக்கிற இடத்தில்தான் வழக்கு செத்தது. நீதிமன்றத்தில் அதற்கு மரணச் சான்றிதழ் மட்டும் எழுதினார்கள்.

சிங்களவர்களுக்கும் இதேதான் நடக்கிறது. வத்தளை ஜெரல்ட் பெரேரா, கொழும்பு டொக்யார்டில் சமையல்காரர். 2002இல் ஒரு கொலை வழக்கில் தேடிய ஆள் என்று நினைத்து இவரைப் பிடித்து, உயிர் போகும் அளவுக்கு அடித்தார்கள். 2003இல் உயர் நீதிமன்றம் அவருக்கு நட்டஈடு கொடுத்தது. குற்றவியல் வழக்கில் அவர் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது, அதற்குச் சில நாட்கள் முன், 2004 நவம்பரில், சுடப்பட்டு இறந்தார். 2008இல் சித்திரவதை வழக்கில் பொலிஸார் விடுதலை. முக்கிய சாட்சி மண்ணுக்குள் இருந்தால் எந்த நீதிபதி என்ன செய்வார்?

சாட்சிகளைப் பாதுகாக்க 2015இல் ஒரு சட்டமும், அதன் இடத்துக்கு 2023இல் 10ஆம் இலக்கச் சட்டமும் வந்தன. வெளிநாட்டிலிருந்து காணொளி வழியாகச் சாட்சி சொல்லவும் இடம் இருக்கிறது. எங்கள் சத்தம் அங்கேதான் போக வேண்டும்: பொலிஸுக்கு வெளியே இருந்து விசாரிக்கும் ஒரு அமைப்பு, உண்மையாகவே வேலை செய்யும் சாட்சிப் பாதுகாப்பு.

ஒன்றையும் மறக்க வேண்டாம், எல்லோரும் தப்பவில்லை. பம்பலப்பிட்டி வர்த்தகர் முகமட் சியாம் கொலையில் பிரதிப் பொலிஸ் மா அதிபராக இருந்த வாஸ் குணவர்தன, அவருடைய மகன் உட்பட ஆறு பேருக்கு 2015 நவம்பரில் மரண தண்டனை தீர்க்கப்பட்டது. அவ்வளவு பெரிய அதிகாரி! சுத்தவாளி என்ற நிலையிலிருந்துதான் அந்த வழக்கும் தொடங்கியது. வித்தியாசம் ஒன்றுதான், அதை விசாரித்தவர்கள் ஒழுங்காக விசாரித்தார்கள்.

மட்டக்குளி வாசகர்: ஆயுதம் காட்டக் கூட்டிப்போன இடத்தில் சுட்டார்கள், தற்காப்பு என்கிறார்கள். அப்போதும் அரசு தரப்புத்தான் எல்லாவற்றையும் நிரூபிக்க வேண்டுமா?

இல்லை, இதைப் பலர் கவனிப்பதில்லை. சாட்சியச் சட்டத்தின் 105ஆம் பிரிவுப்படி, நான்தான் சுட்டேன், ஆனால் தற்காப்புக்கு என்று சொல்கிறவரே அந்தத் தற்காப்பை நிரூபிக்க வேண்டும். நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் அல்ல, அப்படி நடந்திருக்கத்தான் கூடுதல் சாத்தியம் என்ற அளவுக்கு. எங்களைப் போலப் பொலிஸாருக்கும் அதே விதி. பிரச்சினை என்னவென்றால் இப்படிப்பட்ட மரணங்களில் சுட்டவர் எதிரிக்கூண்டு வரை வருவதே அபூர்வம். மாகந்துரே மதூஷ் 2020 ஒக்டோபரில் மாளிகாவத்தைக்குக் கூட்டிப்போன இடத்தில் சுடப்பட்டு இறந்தபோது பொலிஸ் தடுப்பில் இருந்தவர். அவர் போதைப்பொருள் கடத்தியதாகப் பேர் எடுத்தவர் என்பதால் கொழும்பில் நிறையப் பேர் கவலைப்படவில்லை. நான் கவலைப்பட்டேன். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் எவரையும் மரணத்தால் தண்டிக்க முடியாது என்று 13(4) சொல்கிறது, அதில் பாதாள உலகத்துக்கு விதிவிலக்கு இல்லை. தடுப்பில் ஒருவர் இறந்தால் நீதவான் விசாரணை கட்டாயம். குடும்பத்தார் அந்த முதல் நாளிலேயே ஒரு சட்டத்தரணியோடு போய் நிற்க வேண்டும்.

பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்: என் கணவர் தமிழ் பொலிஸ் சார்ஜன்ட். பொய்யாக ஒரு கேஸில் இழுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டார்கூட முகம் பார்த்துக் கதைக்கிறதில்லை. எங்களுக்காகவும் யாராவது பேசுவார்களா?

நான் பேசுவேன், தங்கச்சி. 13(5) உங்கள் வீட்டுக்கும்தான் எழுதப்பட்டது.

குற்றப் புலனாய்வுத் திணைக்களப் பணிப்பாளராக இருந்த ஷானி அபேசேகரவைப் பாருங்கள். வாஸ் குணவர்தன வழக்கில் சாட்சியம் சோடித்தார் என்று சொல்லி 2020 ஜூலை கடைசியில் அவரைப் பிடித்து, பத்து மாதத்துக்கு மேல் உள்ளே வைத்தார்கள். 2021 ஜூனில்தான் மேன்முறையீட்டு நீதிமன்றம் பிணை கொடுத்தது. 2025இல் அதே திணைக்களத்துக்கு மீண்டும் பணிப்பாளராக வந்தார். பெரிய இடங்களைத் தொட்டு விசாரிக்கிற அதிகாரி மீது பொய் வழக்குப் போடுவது இந்த நாட்டில் முடியாத காரியமா? அப்படி மாட்டுகிற அதிகாரியைக் காப்பாற்றப் போவது இந்த விதிதான்.

உங்கள் கணவருடைய கடமைப் பட்டியல், குறிப்புப் புத்தகப் பதிவுகள், வாகன ஓட்டப் பதிவுகள் எல்லாவற்றுக்கும் நீதவான் ஊடாக இப்போதே கட்டளை கேட்கச் சொல்லுங்கள். பிந்தினால் தாள்கள் காணாமல் போகும்.

கிராண்ட்பாஸ் வாசகர்: கொலைக் குற்றம் சாட்டப்பட்ட பொலிஸ்காரருக்குப் பிணை கிடைக்குமா?

கொலை என்றால் நீதவானால் கொடுக்க முடியாது, மேல் நீதிமன்றம்தான். சாட்சிகளை மிரட்டுவார் என்று காட்டினால் பிணை மறுக்கலாம். மிரட்டல் வந்தால் எழுத்தில் முறைப்பாடு போடுங்கள், வாயால் சொன்னதை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

வெள்ளவத்தை வாசகர் (வேறொருவர்): சந்தேக நபரான பொலிஸ்காரர்களின் படங்களை வாட்ஸ்அப்பில் பகிர்வது சரியா? ஊர் அறியட்டுமே.

அடையாள அணிவகுப்பு முடியும் வரை தயவுசெய்து வேண்டாம். சாட்சி போய் ஆளைக் காட்டியதும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்கும் முதல் கேள்வி, "படத்தை ஃபோனில் பார்த்தீர்களா?" என்பதுதான். ஓம் என்று சொன்னால் அந்த அடையாளம் காட்டலுக்கு மதிப்பே இல்லாமல் போகலாம். நல்ல மனதோடு பகிர்ந்த ஒரு படம், கொன்றவனையே வெளியில் விட்டுவிடும். "கொலைகாரன்" என்று எழுதாமல் "சந்தேக நபர்" என்று எழுதுங்கள். 2024இல் நீதிமன்ற அவமதிப்புக்கும் தனிச் சட்டம் வந்துவிட்டது.

கொட்டாஞ்சேனை அம்மா ஒருவர்: மகனை ஸ்டேஷனில் அடித்திருக்கிறார்கள். விட்டுவிட்டார்கள், ஆனால் நடக்கிறான் இல்லை. முதலில் எங்கே போவது?

அம்மா, முதலில் தேசிய வைத்தியசாலை. வைத்தியரிடம் "விழுந்துவிட்டான்" என்று சொல்ல வேண்டாம், பொலிஸார் அடித்தார்கள் என்றே சொல்லுங்கள், மகனைச் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டும்படி அவரிடம் கேளுங்கள். காயங்களைத் திகதியோடு படம் எடுங்கள், உடுப்பைக் கழுவாமல் வையுங்கள். அப்புறம் மனித உரிமைகள் ஆணைக்குழு, தொலைபேசி இலக்கம் 1996. தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் ஒரு முறைப்பாடு.

உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதம்தான் தவணை. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் வராது, ஆனால் விசாரணை உண்மையாகவே நிலுவையில் இருந்தது என்று பிறகு காட்ட வேண்டி வரலாம். ஆகவே முறைப்பாட்டு இலக்கத்தையும் வந்த கடிதங்களையும் பத்திரமாக வையுங்கள். அடித்தவர்கள் மீது 1994ஆம் ஆண்டின் சித்திரவதைக்கு எதிரான சட்டத்தில் வழக்குப் போட்டு நிரூபித்தால் குறைந்தது 7 வருடம், கூடியது 10 வருடம். ஸ்டேஷனிலிருந்து யாராவது வந்து சமாதானமாகப் போவோம், காசு தருகிறோம் என்று சொன்னால் எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்க வேண்டாம், மகனையும் வைக்க விடாதீர்கள்.