வாசகர் கேள்வி – பதில்: இரு படுகைகளுக்குச் சொந்தமான ஆறு

கேள்வி: தென் அமெரிக்காவின் ஒரினோகோ ஆற்றிலிருந்து பிரியும் ஓர் ஆறு அமேசான் பக்கம் போவதாக வரைபடம் காட்டுகிறது. நடுவில் மேடு இருக்காதா? அச்சுப் பிழையா?

பிழையில்லை. அது காசிகியாரே. வெனிசுவேலாவின் தெற்கே, லா எஸ்மெரால்டா என்ற ஊருக்குச் சற்றுக் கீழே ஒரினோகோவின் இடக்கரையிலிருந்து பிரிகிறது. சுமார் 320 கி.மீ. ஓடி குவைனியா ஆற்றோடு சேர்ந்ததும் ரியோ நீக்ரோ ஆகிறது. அது அமேசானின் துணையாறு. பிரியுமிடத்தில் அகலம் ஏறத்தாழ 100 மீட்டர். வழியில் சேரும் ஆறுகளால் முடிவில் 500 மீட்டரை நெருங்கிவிடும்.

மனிதர் வெட்டியதல்ல. அங்கே நிலம் அவ்வளவு சமதளம், தடுக்க மேடில்லை. தெற்குப் பக்கச் சரிவு சற்றே அதிகம் என்பதால், ஒரினோகோவின் மேல்பகுதி நீரை அமேசான் மெல்ல மெல்லப் பறித்துக்கொண்டிருக்கிறது. 1800 மே மாதம் ஜெர்மன் இயற்கையியலாளர் ஹம்போல்ட், ரியோ நீக்ரோ கரையிலுள்ள சான் கார்லோஸிலிருந்து நீரோட்டத்தை எதிர்த்துப் படகில் ஒரினோகோ வரை போய் இதை நேரில் உறுதிசெய்தார்.

கேள்வி: அப்படியானால் இரு படுகை மீன்களும் கலந்துவிடுமே?

எல்லாம் கலப்பதில்லை. நிலத்தில் இல்லாத தடை நீரில் இருக்கிறது. ஒரினோகோ முனையில் நீர் வெளிறியது, அமிலம் குறைவு. பாசிமோனி போன்ற ஆறுகள் சேரச் சேர நிறம் கருக்கிறது. அவை ஓடிவரும் வெண்மணலில் களிமண் அரிது. மட்கும் இலைகளின் சாறு மண்ணில் தங்காமல் ஆற்றுக்கே வருகிறது. கண்ணாடிக் குவளையில் மொண்டால் அந்த நீர் பால் விடாத தேநீர் நிறத்தில் தெரியும். பி.எச். (குறையக் குறைய அமிலம் கூடும் அளவு) 5-க்கும் கீழே இறங்கும். கால்சியம் மிகக் குறைவு. இதைத் தாங்காத மீன் வழியிலேயே நின்றுவிடும். கருநீருக்குப் பழகிய கார்டினல் டெட்ரா என்னும் சிறு மீன் இரு படுகைகளிலும் உண்டு. மீன்தொட்டி வைத்திருப்போர் கவனிக்க: கடினமான போர்வெல் நீரில் இதன் முட்டைகள் பெரும்பாலும் பொரிக்காததற்கு இந்தப் பூர்விகமே காரணம்.

கேள்வி: கடலிலிருந்து கடல்வரை படகிலேயே போகலாமா?

இடையே இறங்காமல் முடியாது. ஒரினோகோவில் அட்டூரஸ், மைப்பூரஸ் பாறைச்சரிவுகளைக் கரைவழியாகத்தான் கடக்க வேண்டும். ரியோ நீக்ரோவில் சாவோ கேப்ரியலிலும் பாறைகள் உண்டு. காசிகியாரேயில் பெரிய சரிவுகள் இல்லை, ஆனால் டிசம்பர் முதல் மார்ச் வரை மணல்திட்டில் படகு தட்டும். ஜூன், ஜூலையில் நீர் நிறைந்திருக்கும். கடிக்கும் கரு ஈக்கள் பகலில் வருபவை, கொசுவலை மட்டும் போதாது. முழுக்கைச் சட்டை கட்டாயம். மேல் ஒரினோகோவில் பார்வையைப் பறிக்கும் ஆற்றுக்குருடு நோயைப் பரப்புவதும் இந்த ஈக்களே.